வீடியோ பார்த்தால் வைரஸ் வருமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு, அதை விற்றவரோ பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரோ முதலில் சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. "இஎக்ஸ்இ என்று முடியும் பைல் மெயிலில் வந்தால் தொடாதீர்கள். போட்டோ, பாட்டு, வீடியோ என்றால் பயமில்லை. திறந்து பாருங்கள்." இதில் முதல் பாதி இன்றும் சரிதான். இரண்டாவது பாதியில்தான் சிக்கல் இருக்கிறது.

வீடியோ பைல் ஒரு புரோகிராம் அல்ல. அது தானாக இயங்காது. உண்மைதான். ஆனால் அதைத் திறந்து, பிரித்து, திரையில் காட்டுவது ஒரு புரோகிராம். அந்தப் புரோகிராமில் ஓட்டை இருந்தால், அதற்கென்றே தயாரிக்கப்பட்ட வீடியோ ஒன்று அதை ஏமாற்றிவிட முடியும். 2023 செப்டம்பரில் உலகம் முழுவதும் குரோம், பயர்பாக்ஸ் பிரவுசர்களை அவசரமாக அப்டேட் செய்ய வேண்டியிருந்ததற்கு இப்படிப்பட்ட ஓட்டை ஒன்றுதான் காரணம். அது இருந்த இடம் ஒரு வீடியோ கோடெக்.

கோடெக் என்றால் என்ன?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். புல் எச்டி படம் ஒன்றில் குறுக்காக 1920 புள்ளிகள், நெடுக்காக 1080 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்தையும் குறித்து வைக்க 3 பைட் இடம் தேவை. விநாடிக்கு 25 படங்கள். பெருக்கினால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 155 எம்பி வருகிறது. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்றை அப்படியே பதிவு செய்தால் சுமார் 1,400 ஜிபி. உங்கள் புதுக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் ஒரு படம் கூட அடங்காமல் போகலாம்.

அதே படம் இரண்டு மூன்று ஜிபியில் பென் டிரைவில் வருகிறதே, எப்படி? வீடியோவைச் சுருக்கும் முறை ஒன்று அங்கே வேலை செய்கிறது. கதாநாயகன் நடந்து வரும்போது பின்னால் இருக்கும் சுவர் மாறுவதில்லை. எனவே சுவரை ஒரு முறை எழுதிவிட்டு, அடுத்த படத்தில் "இந்தக் கட்டம் நான்கு புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது, மற்றதெல்லாம் முன்பு போலவே" என்று மட்டும் குறித்து வைத்தால் போதும். இவ்வாறு சுருக்குவதும், பார்க்கும்போது மீண்டும் விரிப்பதும் கோடெக்கின் வேலை. எச்.264, எச்இவிசி, விபி8, விபி9, ஏவி1 ஆகியவை கோடெக் வகைகள்.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. எம்பி4, ஏவிஐ, எம்கேவி என்பவை கோடெக் அல்ல. அவை படம், ஒலி, சப்டைட்டில் ஆகியவற்றை ஒன்றாகப் போட்டு வைக்கும் பெட்டிகள். பெட்டிக்குள் எந்தக் கோடெக் இருக்கிறது என்பதைப் பைலின் பெயரை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பைல் சொல்லும் எண்ணை நம்பலாமா?

வீடியோ பைல் முழுக்க எண்கள்தான். "என் அகலம் இவ்வளவு", "அடுத்த பகுதி இத்தனை பைட் நீளம்", "முந்தைய படத்தின் இந்த இடத்திலிருந்து எடுத்துக் கொள்" என்று பைல் சொல்லிக் கொண்டே போகும். கோடெக் அதைக் கேட்டு மெமரியில் இடம் ஒதுக்கி, அந்த இடத்தில் படத்தை எழுதும்.

பைல் பொய் சொன்னால்? அரை லிட்டர் சொம்பு போதும் என்று சொல்லிவிட்டு ஒரு லிட்டர் பாலை ஊற்றினால் என்ன ஆகும்? மீதி வெளியே வழியும். நன்றாக எழுதப்பட்ட கோடெக், ஊற்றும் முன் அளந்து பார்த்து "இந்தப் பைல் சரியில்லை" என்று நிறுத்திவிடும். எங்கோ ஓரிடத்தில் அந்தச் சோதனை விட்டுப் போயிருந்தால், கோடெக் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்து மெமரியில் எழுதத் தொடங்கும். பக்கத்தில் இருப்பது, புரோகிராம் அடுத்து எந்தக் கட்டளையைச் செய்ய வேண்டும் என்று குறித்து வைத்திருக்கும் இடமாக இருக்கலாம். அதன் மேல் தான் விரும்பும் எண் வந்து விழுமாறு பைலைத் தயாரிப்பதுதான் தாக்குபவரின் கைத்திறன். பெரும்பாலான முயற்சிகளில் பிளேயர் வெறுமனே நின்று போகும். சரியாக அமைந்துவிட்டால் உங்கள் கம்ப்யூட்டர் அவர் சொன்னபடி கேட்கும்.

கோடெக்குகளில் இந்தப் பிழை அடிக்கடி வரக் காரணம் இருக்கிறது. விநாடிக்குக் கோடிக்கணக்கான புள்ளிகளைக் கணக்கிட வேண்டியிருப்பதால் அவை பெரும்பாலும் சி, அசெம்பிளி மொழிகளில் எழுதப்படுகின்றன. இந்த மொழிகள் வேகமானவை. ஆனால் எல்லையைத் தாண்டி எழுதினால் தாமாகத் தடுக்காது. சாப்ட்வேர் துறையில் இருக்கும் எங்களுக்கு ஒவ்வொரு சோதனையும் ஒரு வரிதான். அந்த ஒரு வரி, லட்சக்கணக்கான வரிகளுக்கு நடுவே விட்டுப் போகும் ஒரு வரி.

2023: விபி8 கதை

விபி8 என்பது ஆன்2 டெக்னாலஜீஸ் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய கோடெக். 2010 பிப்ரவரியில் கூகுள் அந்த நிறுவனத்தையே வாங்கியது; அதே ஆண்டு மே மாதம் விபி8-ஐ எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. பிரவுசர் வழியே நடக்கும் வீடியோ அழைப்புகளுக்கு அது அடிப்படைக் கோடெக்குகளில் ஒன்றாயிற்று. அதன் நிரல்கள் இருக்கும் தொகுப்புக்கு லிப்விபிஎக்ஸ் என்று பெயர். குரோம், பயர்பாக்ஸ் இரண்டுமே இந்த ஒரே தொகுப்பைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. கூகுளின் பிரவுசரும் அதன் போட்டியாளரும் ஒரே கடையில் பூட்டு வாங்கியது போல.

2023 செப்டம்பர் 25 அன்று, கூகுளின் அச்சுறுத்தல் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் இதில் ஓட்டை இருப்பதைத் தெரிவித்தார். இரண்டே நாளில், 27-ஆம் தேதி, குரோம் 117-க்கான திருத்தம் வெளிவந்தது. 28-ல் பயர்பாக்ஸ் 118.0.1. அக்டோபர் 4-ல் ஆப்பிள் தன் ஐபோனுக்கான ஐஓஎஸ் 17.0.3-ல் இதே ஓட்டையை அடைத்தது. சிவிஇ-2023-5217 என்பது இதற்குத் தரப்பட்ட பதிவு எண்.

ஏன் இவ்வளவு அவசரம்? திருத்தம் வருவதற்கு முன்பே இந்த ஓட்டை பயன்படுத்தப்பட்டுக் கொண்டிருந்தது. பயன்படுத்தியது, உளவு மென்பொருளை விலைக்கு விற்கும் வர்த்தக நிறுவனம் ஒன்று என்று கூகுளின் ஆய்வாளர் தெரிவித்தார். பொழுதுபோக்குக்காக வைரஸ் எழுதும் பையன்களின் வேலை அல்ல இது. காசு கொடுத்து வாங்கி, குறிப்பிட்ட ஆட்களின் போனிலும் கம்ப்யூட்டரிலும் நுழையும் தொழில்.

ஓட்டை இருந்த இடம் வேடிக்கையானது. பலரும் வீடியோவை விரிக்கும் பகுதியில்தான் சந்தேகப்படுவார்கள். இது சுருக்கும் பகுதியில் இருந்தது. நீங்கள் வீடியோ அழைப்பில் பேசும்போது உங்கள் கேமரா படத்தைச் சுருக்கும் பகுதி அது. அந்த வேலையைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் செய்வது வழக்கம். எத்தனை கைகள் என்பதைத் தொடக்கத்தில் கணக்கிட்டு, அதற்கேற்ப மெமரியில் இடம் ஒதுக்கப்படும். நடுவில் அந்த எண்ணிக்கை மாற வாய்ப்பு இருந்தது. ஆனால் ஒதுக்கிய இடம் பழைய கணக்கிலேயே நின்றது. பந்தியில் இலை போட்டு முடித்த பிறகு ஆள் எண்ணிக்கையை மாற்றியது போல. பரிமாறுகிறவர் புதிய எண்ணிக்கையை வைத்துக் கொண்டு போனால், இலை இல்லாத இடத்திலும் சாம்பார் விழும். நடுவில் எண்ணிக்கையை மாற்ற அனுமதிக்காதே என்பதுதான் திருத்தத்தின் சாரம்.

"நான் வீடியோ அழைப்பே செய்வதில்லையே" என்று நீங்கள் சொல்லலாம். அதற்கும் பதில் உண்டு. ஓர் இணையப் பக்கத்தில் இருக்கும் சிறு புரோகிராமே பிரவுசரிடம் "இதை விபி8-ல் சுருக்கு" என்று கேட்க முடியும். பக்கத்தைத் திறந்தால் போதும்.

ஒரு ஆறுதல்: இன்றைய பிரவுசர்கள் இத்தகைய வேலைகளைத் தனி அறையில் அடைத்து வைத்துச் செய்கின்றன. கோடெக் வழியே உள்ளே வந்தவர், அந்த அறையை விட்டு வெளியேற இன்னொரு ஓட்டையையும் தேட வேண்டும். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரைப் பிடிக்க யாரும் இவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள் என்பது ஓரளவு உண்மை. ஆனால் திருத்தம் வெளியான பிறகு, ஓட்டை எங்கே என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் அப்டேட் செய்யாமல் இருப்பவர்தான் மலிவான இலக்கு.

பயன்படுத்தாத வாசல்கள்

என் பார்வையில் விபி8-ஐ விட யோசிக்க வைக்கும் விஷயம் வேறு. உங்கள் பிளேயருக்குள் நீங்கள் ஒரு நாளும் பயன்படுத்தாத கோடெக்குகள் டஜன் கணக்கில் இருக்கின்றன. நீங்கள் பயன்படுத்தவில்லை என்பதால் அவை மூடிக் கிடக்கின்றன என்று அர்த்தம் அல்ல.

இன்டெல் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த இன்டியோ கோடெக்கை எடுத்துக் கொள்ளுங்கள். சிடி-ராம் காலத்து விளையாட்டுகளோடு அதன் மவுசு முடிந்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பிக்குள் அது உட்கார்ந்தே இருந்தது. அதில் ஓட்டைகள் வெளிப்பட்டபோது மைக்ரோசாப்ட் ஒவ்வொன்றாக ஒட்டுப் போடவில்லை. 2009 டிசம்பரில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் விண்டோஸ் மீடியா பிளேயரும் அந்தக் கோடெக்கை அழைக்கவே முடியாதபடி தடுத்துவிட்டது. 2016 ஏப்ரலில் ஆப்பிளின் குயிக்டைம் பிளேயருக்கும் விண்டோஸில் இதே கதி. இரண்டு ஓட்டைகள் வெளியே தெரிந்தன. விண்டோஸ் பதிப்புக்கு இனி திருத்தம் இல்லை என்றாகிவிட்டது. அதை நீக்கிவிடுங்கள் என்று அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பே சொன்னது.

இதே போன்ற பழைய சரக்கு ஒன்று 2025-ல் செய்தியானது. எப்எப்எம்பெக் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அதைப் பயன்படுத்தியிருப்பீர்கள். வி.எல்.சி. பிளேயர் முதல் வீடியோவை மாற்றித் தரும் எத்தனையோ புரோகிராம்கள் வரை, உள்ளே உண்மையான வேலையைச் செய்வது இந்த இலவசத் தொகுப்புதான். 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். உலகில் எப்போதோ வந்த எல்லா வீடியோ வகைகளையும் திறந்து காட்டிவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதனால் லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனம் தன் விளையாட்டுகளுக்காக வைத்திருந்த ஸ்மஷ் என்ற கோடெக் வரை அதில் இருக்கிறது. 1995-ல் வெளியான ரெபல் அசால்ட் 2 என்ற விளையாட்டின் காட்சிகள் அந்த வகையில்தான் இருந்தன.

கூகுள், பிக் ஸ்லீப் என்ற செயற்கை நுண்ணறிவுப் புரோகிராமை வைத்து இலவச சாப்ட்வேர்களில் ஓட்டை தேடி வருகிறது. 2025 ஆகஸ்டில் அது கண்டுபிடித்ததாக அறிவிக்கப்பட்ட முதல் 20 ஓட்டைகளில் எப்எப்எம்பெக்கில் இருந்தவையும் அடக்கம். அது பிடித்தவற்றில் ஒன்று இந்த ஸ்மஷ் கோடெக்கில் இருந்தது. "வேலை முடிந்தது" என்று திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரியில் கோடெக் மறுபடியும் எழுதும் வகைப் பிழை அது.

முப்பது வருடத்துக்கு முந்தைய விளையாட்டு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றும். எப்எப்எம்பெக் குழுவினரும் ஏறத்தாழ அதைத்தான் கேட்டார்கள். ஆனால் முன்பு சொன்ன பெட்டி விஷயத்தை இங்கே நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். எப்எப்எம்பெக் பைலின் பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. உள்ளே இருக்கும் பைட்டுகளைப் பார்த்து முடிவு செய்யும். ஸ்மஷ் வீடியோ ஒன்றுக்குக் "கல்யாண வீடியோ.எம்பி4" என்று பெயர் வைத்து அனுப்பினாலும், "ஓ, இது ஸ்மஷ்" என்று அடையாளம் கண்டு அந்தப் பழைய கோடெக்கை அதுவே எழுப்பிவிடும். யாரும் பார்க்காத கோடெக்தான் தாக்குபவருக்கு வசதி. அதன் நிரலை யாரும் திரும்பிப் படிப்பதில்லை.

எப்எப்எம்பெக் குழு பிழையைத் திருத்திவிட்டது. ஆனால் 2025 இறுதியில் இது பெரிய வாக்குவாதமானது. லட்சம் கோடிகளில் புரளும் நிறுவனம், இயந்திரத்தை வைத்துப் பிழைகளைக் கண்டுபிடித்து, 90 நாள் கெடுவும் வைத்து, சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறவர்களிடம் தள்ளுகிறது. திருத்தத்தையும் சேர்த்து அனுப்பு, அல்லது பணம் கொடு என்பது அவர்கள் தரப்பு. நாங்கள் சொல்லாவிட்டால் ஓட்டை இல்லாமல் போய்விடுமா, கெட்டவர்கள் கையிலும் இதே கருவி இருக்குமே என்பது மறு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும், அந்தத் தொகுப்பைக் கொண்டு சம்பாதிப்பவர்கள் பிழையைச் சுட்டிக்காட்டுவதோடு நிற்பது சரியல்ல என்றே நான் நினைக்கிறேன். குரோம் பிரவுசர் ஒரு நல்ல வழி காட்டுகிறது. அதற்குள்ளும் எப்எப்எம்பெக் இருக்கிறது. ஆனால் தேவையான சில கோடெக்குகளை மட்டும் வைத்துக் கொண்டு மற்றவற்றை வெட்டிவிட்டுத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

கோடெக் என்ற பெயரில் வரும் திருடன்

இதற்கு நேர் எதிரான ஏமாற்று ஒன்றும் உண்டு. அதற்கு எந்த ஓட்டையும் தேவையில்லை. உங்கள் அவசரம் போதும். ஏதோ ஒரு தளத்தில் வீடியோவைக் கிளிக் செய்வீர்கள். "இதைப் பார்க்க உங்களிடம் கோடெக் இல்லை. டவுன்லோட் செய்யவும்" என்று ஒரு கட்டம் வரும். டவுன்லோட் செய்தால் வருவது கோடெக் அல்ல. 2005, 2006 வாக்கில் ஸ்லாப் என்ற டிரோஜன் இப்படித்தான் பரவியது. அந்த வரிசையில் வந்த டிஎன்எஸ் சேஞ்சர், விண்டோஸ் மட்டுமின்றி மேக் கம்ப்யூட்டர்களிலும் புகுந்தது. நீங்கள் டைப் செய்யும் இணைய முகவரியை அது தங்களுடைய சர்வர் வழியே திருப்பிவிடும். அந்தக் கும்பலின் பிடியில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் இருந்தன. 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் ஆறு பேர் கைதானார்கள்.

இன்றைய பிரவுசரில் வீடியோ பார்க்க நீங்கள் தனியாக எந்தக் கோடெக்கும் போட வேண்டியதில்லை. அப்படி ஒரு தளம் கேட்டால் அந்த டேபை மூடிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் பைல் திறக்கவில்லை என்றால் வி.எல்.சி. போன்ற பிளேயரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக் கொள்ளுங்கள். "எல்லாக் கோடெக்கும் அடங்கிய பேக்" என்று வருவதை வாங்கிக் கொட்டாதீர்கள். அது, மேலே சொன்ன பயன்படுத்தாத வாசல்களை ஐம்பதாகப் பெருக்கும் வேலை.

எல்லாச் செய்தியும் உண்மையா?

2019 ஜூலையில், வி.எல்.சி. பிளேயரில் மோசமான ஓட்டை, உடனே நீக்குங்கள் என்று பல நாடுகளில் செய்திகள் வந்தன. ஜெர்மனியின் அரசுப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விடுத்திருந்ததால் எல்லோரும் நம்பினார்கள். வி.எல்.சி.யைத் தயாரிக்கும் வீடியோலேன் அமைப்பு சோதித்துப் பார்த்தது. பிழை வி.எல்.சி.யில் இல்லை, எம்கேவி பெட்டியைப் பிரிக்க உதவும் லிப்இபிஎம்எல் என்ற வேறொரு தொகுப்பில் இருந்தது. அதுவும் 16 மாதங்களுக்கு முன்பே திருத்தப்பட்டுவிட்டது. புகார் செய்தவரின் உபுண்டு கம்ப்யூட்டரில் பழைய லிப்இபிஎம்எல் இருந்ததுதான் கதை. அந்தச் செய்தியை நம்பி வி.எல்.சி.யை நீக்கிவிட்டு, ஊர் பேர் தெரியாத பிளேயரைப் போட்டவர்கள் இருந்தால், அவர்கள் நிலைமை முன்பைவிட மோசமாகத்தான் ஆகியிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது

குரோம் பிரவுசரில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து, ஹெல்ப் பிரிவில் அபௌட் கூகுள் குரோம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய பதிப்பு இருந்தால் அதுவே இறக்கிக் கொள்ளும். ஆனால் ரீலாஞ்ச் என்ற பட்டனை அழுத்திப் பிரவுசரை மூடித் திறக்கும் வரை பழைய கோடெக்தான் ஓடிக் கொண்டிருக்கும். பல நாட்களாகப் பிரவுசரை மூடாமலேயே வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். பயர்பாக்ஸிலும் ஹெல்ப், அபௌட் பயர்பாக்ஸ் என்பதே வழி. வி.எல்.சி. பிளேயரில் ஹெல்ப் மெனுவில் செக் பார் அப்டேட்ஸ் என்று தரப்பட்டிருக்கும். இதை மாதம் ஒரு முறை நீங்களே கிளிக் செய்து பார்ப்பது நல்லது.

பழைய கம்ப்யூட்டரை வாங்கியவர்கள் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7-ல் குரோம் 109-ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில், கண்ட இடத்தில் காப்பி செய்த பென் டிரைவைச் செருகிப் படம் பார்க்காதீர்கள். பைலைத் திறக்கக் கூடத் தேவையில்லை. போல்டரைத் திறந்தவுடன் வீடியோவின் குட்டிப் படம் தெரிகிறதல்லவா? அதைக் காட்டவே விண்டோஸ் கோடெக்கை அழைத்தாக வேண்டும்.

பைலின் முழுப் பெயரும் தெரியும்படி வைத்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் 11-ல் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று செல்லவும். "புதுப்படம்.எம்பி4" என்று இதுவரை தெரிந்தது "புதுப்படம்.எம்பி4.இஎக்ஸ்இ" என்று மாறினால், அது படம் அல்ல என்பது புரிந்துவிடும்.

கடைசியாக, பலரும் அறியாத இடம் ஒன்று. எச்இவிசி போன்ற சில கோடெக்குகள் விண்டோஸில் மைக்ரோசாப்ட் ஸ்டோர் வழியே வருகின்றன. 2020 ஜூன் 30 அன்று அந்தக் கோடெக் தொகுப்பில் இருந்த இரண்டு ஓட்டைகளுக்கு மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டபோது, அது விண்டோஸ் அப்டேட் வழியே வரவில்லை. ஸ்டோர் வழியேதான் வந்தது. விண்டோஸ் அப்டேட்டை ஒழுங்காகச் செய்துவிட்டு, ஸ்டோரில் தானாக அப்டேட் ஆகும் வசதியை நிறுத்தி வைத்திருந்தவர்களுக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. எனவே ஸ்டோரைத் திறந்து, லைப்ரரி அல்லது டவுன்லோட்ஸ் என்று இருக்கும் பிரிவுக்குச் சென்று, அப்டேட் பட்டனையும் ஒரு முறை கிளிக் செய்துவிடுங்கள்.